பெயரைத் தண்டித்த சட்டம்: மக்கிரெகர் குடும்பப் பெயரின் தோற்றமும் அலைவும்

மன்னர்கள் பகைவரின் நிலத்தைக் கவர்ந்த செய்திகளும், கோட்டையை இடித்துக் கழுதை ஏர் பூட்டி உழுத செய்திகளும் வரலாற்றில் மலிந்து கிடக்கின்றன. பகைவரின் பெயரையே சட்டத்தின் வாயிலாகப் பறித்த செய்தி அரிது. ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் என்னும் மேட்டுநிலத்தில் வாழ்ந்த மக்கிரெகர் குலத்தார்க்கு அத்தண்டனை வாய்த்தது. 1603 முதல் 1774 வரை, இடையே 1661 முதல் 1693 வரையிலான முப்பத்திரண்டு ஆண்டுகள் நீங்கலாக, அப்பெயரைத் தாங்கியிருப்பதே குற்றமாக இருந்தது. நிலம் பறிபோன குலங்கள் ஸ்காட்லாந்தில் பல உண்டு. பெயரும் பறிபோன பின்னர் ஒரு குலம் தன்னை எவ்வாறு நினைவிற் கொண்டது என்பதே இப்பெயரின் வரலாற்றைப் பிற பெயர்களின் வரலாற்றினின்றும் வேறுபடுத்துகின்றது.

முதற்கண் பெயரின் பொருளை நோக்கலாம். அம்மேட்டுநில மக்களின் தொன்மொழியாகிய கேலிக்கில் 'மக்' என்பது மகனைக் குறிக்கும். 'கிரெகர்' என்பது 'விழித்திருப்பவன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்து, இலத்தீன் வழியாகத் திருச்சபைக்குள் வந்து, பல போப்பாண்டவர்களுக்கு வழங்கிய 'கிரகோரி' என்னும் பெயரின் கேலிக் வடிவம். ஆகவே மக்கிரெகர் என்பது 'கிரெகரின் மகன்' என்னும் அளவில் எளிய பெயரே. 'மக்' என்பதைக் கண்டவுடன் தமிழின் 'மகன்', 'மக்கள்' ஆகிய சொற்களை நினைந்து வேர் தேடப் புகும் ஆர்வலர் இருக்கக்கூடும். பழைய ஓகம் கல்வெட்டுகளில் இச்சொல் 'மக்கி' என்று காணப்படுவதும் அவர்தம் ஆவலைத் தூண்டலாம். ஆயின் இதே சொல் வேல்சு மொழியில் 'மாப்' என்று வழங்குகின்றது. கெல்டிக் மொழிகளுக்குள்ளேயே அதன் வரலாறு தெளிவாக அமைந்துள்ளது. ஒலி ஒத்தமை தற்செயலே.

எந்தக் கிரெகர் என்னும் வினாவிற்குக் குலத்தார் தரும் விடை ஒன்று. ஆவணங்கள் தரும் விடை மற்றொன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட கென்னத் மக்கால்பின் மன்னனின் குடியிலிருந்து தாம் கிளைத்ததாக அவர்கள் கூறிக்கொள்வர். தம் இனம் அரச இனம் என்பதே அவர்தம் குலச்சின்னத்தில் பொறித்த வாசகத்தின் பொருள். அரச மரபோடு தம்மை இணைத்துக்கொள்ளாத குலவரலாறு எந்நாட்டில்தான் உண்டு? ஆராய்ச்சியாளர் ஏற்பது பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த 'பொற்கடிவாளக் கிரெகர்' என்னும் தலைவனையே. அவனுக்குப்பின் தலைமை ஏற்றவன் ஒற்றைக்கண் இயன். கிளெனார்க்கி, கிளென்ஸ்ட்ரே, கிளென்லயன் முதலிய பள்ளத்தாக்குகள் இவர்தம் உறைவிடம்.

அப்பள்ளத்தாக்குகளே இவர்களுக்குக் கேடாகவும் அமைந்தன. எழுத்தில் பதியப்பட்ட பட்டயத்தின் காலம் வந்தபோது, கிளெனார்க்கி கேம்பல் குலத்தாரின் உடைமை ஆயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோம், வாளால் காத்தோம் என்பதே மக்கிரெகர்களின் உரிமைச்சான்று. தோற்பட்டயத்தின் முன் அச்சான்று செல்லவில்லை. படிப்படியாக அவர்கள் தம் முன்னோர் மண்ணிலேயே பிறர்க்குக் குத்தகைக் குடிகளாயினர். பின்னர்க் குத்தகையும் இழந்து, கால்நடை கவர்ந்து வாழ்வோராயினர்.

எழுத்தால் நிலத்தை இழந்த இக்குலம் எழுத்தை அறியாத குலமன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஃபார்ட்டிங்கல் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவரும், லிஸ்மோர்த் திருச்சபையின் டீன் என்னும் பதவி வகித்தவருமான ஜேம்ஸ் மக்கிரெகர், தம் உடன்பிறந்தான் டங்கனின் துணையுடன், 1512 முதல் 1542 வரையிலான காலத்தில் ஒரு பெருந்தொகைநூலைத் தொகுத்தார். 'லிஸ்மோர் டீனின் நூல்' என்று அது வழங்கும். புலவர் மரபில் வந்தோர் பாடிய புகழ்ப்பாக்கள், கையறுநிலைப் பாடல்கள், வசைப்பாடல்கள், ஃபின், ஒசியன் முதலிய வீரர்களைப் பற்றிய பழங்கதைப் பாடல்கள் எனப் பலவகைப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. அயர்லாந்துப் புலவரும் ஸ்காட்லாந்துப் புலவரும் அதில் ஒருங்கே உள்ளனர். பெண்பாற் புலவர் சிலரும் உளர். கணவனை இழந்த ஒருத்தி, அவன் உருட்டிச் செபித்த செபமாலையைக் கையில் ஏந்தி அதனோடு பேசுவதாகப் பாடிய பதினைந்தாம் நூற்றாண்டு இரங்கற்பா அவற்றுள் ஒன்று. அந்நூல் இல்லையேல் அப்பாவும் இல்லை. மக்கிரெகர் தலைவர்களைப் புகழும் பாடல்களும் அவர்தம் குலவரிசையும் அந்நூலுள் பதிவாயின.

அதன் எழுத்துமுறை வியப்பிற்குரியது. கேலிக் மொழிக்கெனப் புலவர் குடியினர் போற்றிய எழுத்துக்கூட்டு முறையைத் தொகுப்பாளர்கள் கைக்கொள்ளவில்லை. தாழ்நிலத்தார் பேசிய ஸ்காட்ஸ் மொழியை எழுதும் முறையிலேயே, காதிற் கேட்டவாறு கேலிக் பாடல்களை எழுதினர். இதனால் அந்நூலைப் படித்தறிவது பிற்காலப் புலவர்க்கு நெடும் போராட்டமாயிற்று. ஆயினும் அன்றைய மக்கள் அச்சொற்களை எவ்வாறு ஒலித்தனர் என்பதை முறைப்படி எழுதிய ஏடுகளினும் இது நன்கு காட்டுகின்றது. பிழை என்று கருதப்பட்டதே பின்னாளில் சான்றாயிற்று.

அந்நூல் முடிந்து முப்பது ஆண்டுகள் கழியுமுன்னர் மற்றொரு பாடல் பிறந்தது. கிளென்ஸ்ட்ரே மக்கிரெகர்களின் தலைவனான கிரெகர் ராய், கிளென்லயன் கேம்பல் ஒருவரின் மகளாகிய மரியனை மணந்திருந்தான். கிளெனார்க்கி கேம்பல்களுக்கும் அவனுக்கும் மூண்ட பகையில் பிடிபட்டு, 1570 ஏப்ரல் 7 அன்று தலை துணிக்கப்பட்டான். மனைவியின் உறவினரே கொலைக்குக் காரணராயினர். கையில் குழந்தையுடன் நின்ற மரியன் பாடியதாகக் கூறப்படும் 'கிரிகல் கிரீ' என்னும் கேலிக் பாடல், தாலாட்டின் இசையில் அமைந்த ஒப்பாரி. பிறந்த வீட்டாரைச் சபித்துக்கொண்டே குழந்தையை உறங்கவைக்கும் அப்பாடல் நானூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடப்பட்டு வருகின்றது. அவளுக்கு ஆண்மக்கள் இருவர். அவ்விருவரின் பெயரும் 1603 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளில் மீண்டும் வருகின்றன.

அதற்கு முன்னரே மக்கிரெகர் பெயர் அரசவையில் வெறுக்கப்பட்டிருந்தது. 1589 இல் மன்னரின் காட்டதிகாரியான ஜான் டிரம்மண்ட் கொல்லப்பட்டு, அவர் தலை பால்விடர்க் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. குலத்தார் அத்தலைமேல் கைவைத்து, கொலைப்பழியை எல்லோரும் பகிர்ந்துகொள்வதாகச் சூளுரைத்தனர் என்று அரச ஆவணம் கூறும். இக்குலத்தை வெறும் இரக்கத்திற்குரியதாகக் காட்டும் நூல்கள் இந்நிகழ்ச்சியை விரைந்து கடந்து செல்வது முறையன்று.

1603 பிப்ரவரி 7 அன்று, லோமண்ட் ஏரிக்கு மேற்கேயுள்ள ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மக்கிரெகர்களுக்கும் லஸ் ஊரைச் சார்ந்த கஹூன் குலத்தார்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. மக்கிரெகர்களுக்குத் தலைமை தாங்கியவன் அலாஸ்டர், மரியனின் மகன். கஹூன்கள் தரப்பில் ஏறத்தாழ 140 பேர் மாண்டனர். 600 மாடுகளும், 800 ஆடுகளும், 280 குதிரைகளும் கவரப்பட்டனவாகக் குற்றப்பத்திரிகை கணக்கிடுகின்றது. வென்றவர் பக்கத்தில் விழுந்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவன் அலாஸ்டரின் தம்பி இயன். தாலாட்டப்பட்ட இருவருள் ஒருவன் அன்று மறைந்தான்.

அப்போது ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எலிசபெத் அரசியார் மார்ச் 24 அன்று மறைந்திருந்தார். மன்னர் எடின்பரோவை விட்டு நீங்கியது ஏப்ரல் 5 ஆம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பாக, ஏப்ரல் 3 அன்று, மக்கிரெகர் என்னும் பெயரை ஒழித்துப் பிரிவி கவுன்சில் ஆணையிட்டது. அப்பெயருடையோர் வேறு பெயர் சூடிக்கொள்ளவேண்டும். மறுப்போர்க்கு மரணமே தண்டனை.

அலாஸ்டர் ஆர்கைல் பிரபுவிடம் சரணடைந்தான். இங்கிலாந்து மண்ணில் பத்திரமாகச் சேர்ப்பதாகப் பிரபு வாக்களித்திருந்தார். வாக்கு எழுத்தளவில் காக்கப்பட்டது: எல்லையைக் கடந்து இங்கிலாந்து மண்ணை மிதிக்கவைத்து, உடனே திருப்பி எடின்பரோவுக்குக் கொண்டுவந்தனர். 1604 சனவரி 20 அன்று குலத்தார் பலருடன் அவன் தூக்கிலிடப்பட்டான். கஹூன்களைத் தாக்கத் தன்னைத் தூண்டியவரே அந்த ஆர்கைல் பிரபுதான் என்று இறக்குமுன் அவன் வாக்குமூலம் தந்தான்.

பின்வந்த ஆணைகள் ஒன்றினும் ஒன்று கொடியவை. 1611 இல், தன்னையொத்த தகுதியுடைய மற்றொரு மக்கிரெகரைக் கொன்று தலையைக் கொணர்பவனுக்கு மன்னிப்பு உண்டு எனப்பட்டது. 1613 இல், முன்பு அப்பெயர் தாங்கியோர் நால்வர்க்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது என்றும், இறைச்சி அறுப்பதற்கான முனை மழுங்கிய கத்தியன்றி வேறு படைக்கலம் கூடாது என்றும் விதித்தனர். 1633 ஆம் ஆண்டுச் சட்டம் கிரெகர் என்ற பெயரில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதைக் குருமார்க்கு விலக்கியது; அப்பெயரில் பத்திரம் எழுதுவதை எழுத்தர்க்கு விலக்கியது. வாள் பிடித்த கையை விடுத்து, பிறந்த குழந்தையின் நெற்றிக்கும் எழுதுவோன் இறகுக்கும் சட்டம் வந்து சேர்ந்த இடம் இது. அப்பெயரில் செய்த ஒப்பந்தம் செல்லாதெனின், அப்பெயருடையவன் விற்கவும் வாங்கவும் கடன் கொடுக்கவும் இயலாதவனாகின்றான்.

இப்பெயரின் முதற்புலம்பெயர்வு கடல் கடந்ததன்று. பிற பெயர்களுக்குள் புகுந்ததே. கேம்பல், டிரம்மண்ட், மறே, ஸ்டூவர்ட், கிரஹாம், கிராண்ட் எனத் தமக்கு இடமளித்த நிலவுடைமையாளரின் பெயரை அவரவர் சூடினர். 'பிளாக்' என்றும் 'ஒயிட்' என்றும் நிறங்களைப் பெயராக்கிக் கொண்டோரும் உளர். எந்தக் கேம்பல்களால் நிலமிழந்தனரோ அவர்தம் பெயரையே சூடிக் கோயில் பதிவேட்டில் கையொப்பமிட நேர்ந்தோரின் மனநிலையை ஆவணங்கள் சொல்லமாட்டா. வீட்டிற்குள் கேலிக்கில் ஒரு பெயர், வெளியே ஆங்கிலத்தில் மற்றொரு பெயர் என இரட்டை வழக்கு வேரூன்றியது.

இக்குலத்தாருள் உலகறிந்தவரான ராப் ராய் (1671-1734) இவ்விரட்டை வழக்கிற்குத் தக்க சான்று. உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னரின் பக்கம் நின்றமைக்காக, அவர் மகன் 1661 இல் தடையை நீக்கியிருந்தார். ஆகவே ராப் ராய் தம் பெயருடனேயே பிறந்தார். 1693 இல் மூன்றாம் வில்லியம் தடையை மீட்டதும், தாயின் குடிப்பெயரான கேம்பல் என்பதைச் சூடினார். 1817 இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் புதினம் அவர் புகழை ஐரோப்பாவெங்கும் பரப்பிற்று. வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் கல்லறையைப் பாடினார். ஆனால் கல்லறை இருப்பது பால்விடரில், கவிஞர் கருதியதோ கேட்ரின் ஏரியின் தலைப்பக்கம். பாடல் அதனால் கெட்டுவிடவில்லை.

அபர்தீன் நகரில் 'கிரகோரி' என்னும் பெயருடன் விளங்கிய கல்விமான்களின் குடும்பமும் மக்கிரெகர் வழியினதே என்பது மரபு. பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் அமைப்பை 1663 இல் வெளியிட்ட கணித அறிஞர் ஜேம்ஸ் கிரகோரி (1638-1675) அக்குடும்பத்தவர். ஸ்காட் தம் முன்னுரையில் ஒரு கதை சொல்கின்றார். 1715 ஆம் ஆண்டளவில் அபர்தீனுக்கு வந்த ராப் ராய், உறவினர் என்ற உரிமையில் பேராசிரியர் ஒருவர் வீட்டில் விருந்துண்டு, அவர் சிறுமகனைப் பார்த்து, இப்பிள்ளைக்குப் புத்தகத்தை ஊட்டி வீணாக்காதீர்கள், என்னுடன் அனுப்புங்கள், ஆண்மகனாக்கித் தருகிறேன் என்றாராம். தந்தை நயமாக மறுக்கப் பெரும்பாடு பட்டார். அச்சிறுவனும் பின்னாளில் பேராசிரியரே ஆனான். ஒரே பெயர் இரு திசைகளில் எத்துணைத் தொலைவு சென்றுவிட்டது என்பதற்கு இக்கதை போதும்.

கடல் கடந்த அலைவு பல திசையினது. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடியேறிய ஸ்காட்லாந்தியருள் மக்கிரெகர்களும் இருந்தனர். அங்கே அகடோவி என்னும் ஊரின் பிரெஸ்பிட்டேரியன் குருவான ஜேம்ஸ் மக்கிரெகர், 1718 இல் தம் சபையார் பலருடன் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டில் அவர்கள் நியூ ஹாம்ப்ஷயரில் அமைத்த குடியிருப்பே லண்டன்டெர்ரி. வடகிழக்கு ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்புல்க் பகுதியிலிருந்து அலெக்சாண்டர் க்ரெய்க் என்பவர் 1770களில் நார்வேயின் பெர்கன் நகரில் குடியேறி, கருவாடும் கடல்நண்டும் ஏற்றுமதி செய்தார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபோது, நார்வேயர் நாவிற்கேற்பப் பெயரின் ஈரெழுத்துகளை இடம் மாற்றிக் 'க்ரீக்' ஆக்கினார். இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் (1843-1907) அவருடைய கொள்ளுப்பேரர். க்ரெய்க் என்பது கிரெகரின் குறுக்கமே. எனினும் அப்பெயருடையோர் அனைவரையும் இக்குலத்தில் சேர்ப்பது மிகை.

கவிஞர்கள் மறக்கலாகாத மற்றொரு ஜேம்ஸ் மக்கிரெகர் 1786 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள பிக்டோவுக்குச் சென்றவர். 1759 இல் பெர்த்ஷயரில் பிறந்தவர். தடைக்காலத்தில் அவர் குடும்பம் டிரம்மண்ட் என்னும் பெயரில் மறைந்து வாழ்ந்தது. அப்பெயரை அவர் இடைப்பெயராகத் தாங்கினார். சாலையற்ற காட்டில் நடந்தும், பனியில் வழுக்குக் காலணி கட்டியும் ஊர் ஊராகச் சென்று கேலிக்கிலும் ஆங்கிலத்திலும் மறையுரை நிகழ்த்தினார். மக்கள் அறிந்த கேலிக் பாட்டுகளின் மெட்டிலேயே சமயப் பாடல்கள் இயற்றினார். அவை 1819 இல் கிளாஸ்கோவில் நூலாயின. அங்கு வந்த இரண்டாண்டுக்குள், 1788 இல், அடிமைப் பெண்ணொருத்தியைத் தன்னிடம் வைத்திருந்த சக குருவைக் கண்டித்து அவர் அச்சிட்ட கடிதம் பெரும் பூசலை எழுப்பியது. தம் சொற்ப ஊதியத்தின் பெரும்பகுதியை அடிமைகளின் விடுதலைக்கு விலையாகக் கொடுத்தவர் அவர்.

இப்பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்துக் குடிப்பெயர்கள் மேற்கிந்தியத் தீவுகளில் இன்று கறுப்பின மக்களிடையே பரவலாக வழங்குவது, அவர்தம் முன்னோரைத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்தோர் விட்டுச்சென்ற சுவடு. ஆப்பிரிக்கப் பெயர் அழிக்கப்பட்டு அயலார் பெயர் சுமத்தப்பட்ட அம்மக்களுக்குப் பழம்பெயரை மீட்டுத்தரும் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. பெயர் மீண்ட மகிழ்ச்சி ஆறுமுன்னரே அதை இழிவுபடுத்தியவனும் ஒருவன் உண்டு. கிரெகர் மக்கிரெகர் (1786-1845) பொலிவாரின் படையில் வெனிசுலாவின் விடுதலைக்குப் போரிட்டவன். பின்னர் நடு அமெரிக்கக் கடற்கரையில் 'பொயாய்ஸ்' என்றொரு நாடு இருப்பதாகவும் தானே அதன் தலைவன் என்றும் கூறி, இல்லாத நாட்டின் நிலத்தையும் பணத்தாள்களையும் விற்றான். 1822-23 இல் இரு கப்பல்களில் சென்ற சுமார் 250 பேர் அங்கே காட்டையே கண்டனர். பெரும்பாலோர் நோயால் மாண்டனர். அவர்களுள் பலர் அவனை நம்பிய ஸ்காட்லாந்து எளியோரே.

1774 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடையை முற்றிலும் நீக்கியது. தலைவர் யார் என்ற வினா எழுந்தது. குலத்தார் 826 பேர் கையொப்பமிட்ட ஆவணத்தின்வழி ஜான் மறே என்பவரைத் தேர்ந்தனர். கேம்பல், மறே என்று கையொப்பமிட்டுப் பழகிய விரல்கள் மக்கிரெகர் என்று எழுதிய முதல் பேராவணம் அதுவெனக் கொள்ளலாம். மறே, வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றி உயர்ந்தவர். அவர் 1822 சூனில் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் முடியையும் செங்கோலையும் ஏந்திய ஊர்வலத்திற்குக் காவலாக அவர் மகன் ஈவனின் தலைமையில் சென்றவர்கள் மக்கிரெகர்களே. தலைக்கு விலை வைக்கப்பட்ட அதே நகரம் அது.

ஜான் மறே வங்காளத்தில் இருந்த நாளில் செய்த பணி ஒன்று இலக்கிய அன்பர்க்கு உரியது. ஒசியன் என்னும் பழம்புலவனின் காவியங்களைக் கேலிக்கிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்ததாகச் சொல்லி ஜேம்ஸ் மக்ஃபர்சன் 1760களில் வெளியிட்ட நூல்கள் ஐரோப்பாவையே மயக்கின. மூலம் எங்கே என்று ஐயுற்றோர் கேட்டனர். மூலத்தை அச்சிடுவதற்காக, 1780களில் இந்தியாவிலிருந்த மேட்டுநிலத்தாரிடையே ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு திரட்டி அனுப்பினர். அம்முயற்சியில் முன்னின்றவர் ஜான் மறே. 1807 இல் கேலிக் ஒசியன் அச்சாயிற்று. அது பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து திருப்பிக் கேலிக்காக்கப்பட்டது என்பதே பிற்கால ஆய்வாளர் முடிபு.

மெய்யான பழம்பாடல்களைக் கொண்ட ஏடொன்று மக்ஃபர்சனின் கைக்கே வந்திருந்தது. அதுதான் லிஸ்மோர் டீனின் நூல். மக்கிரெகர் ஒருவர் தொகுத்த அந்நூலை விடுத்து, மக்கிரெகர் தலைவர் ஒருவர் திரட்டிய பொருள் போலிக்குச் சென்றது. அந்நூலிலிருந்து தேர்ந்த பாடல்கள் தாமஸ் மக்லாக்லனின் பதிப்பாக 1862 இல் வெளிவந்தன. மூல ஏடு எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. தடை நீங்கிய பின்னும் பழம்பெயருக்குத் திரும்பாமல் மறே என்றும் பிளாக் என்றும் டிரம்மண்ட் என்றும் தொடர்ந்தவர் பலர்; மரபணு ஆய்வுகள் அண்மைக்காலத்தில் வேறு பெயர் தாங்கிய குடும்பங்களிலும் ஒற்றைக்கண் இயனின் வழியைக் கண்டு காட்டியுள்ளன. அவ்வியனின் பெயரும், அவன் முன்னோர் பெயரும், தடைக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே டங்கன் எழுதிவைத்த வரிசையில் அந்த ஏட்டில் இருக்கின்றன.